மடிக்கும் வண்டியும் பொதுவழியும்

தனக்குக் கிடைத்த ஒரு சிறு வசதிக்காக மனிதன் வெட்கப்பட வேண்டுமா? முதற்பார்வைக்கு இவ்வினா அற்பமானதாகத் தோன்றலாம். உணவும் உறையுளும் இன்றி மக்கள் வாடும் உலகில் வசதியைப் பற்றிய ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பாரும் உளர். ஆயினும், ஒரு சமுதாயத்தின் அறவுணர்வு பெரிய நெருக்கடிகளில் மட்டும் வெளிப்படுவதில்லை. அன்றாட வாழ்வின் சின்னஞ்சிறு ஏற்பாடுகளிலும் அது வெளிப்படுகிறது. யார் நிற்கிறார்கள், யார் அமர்கிறார்கள், யார் காத்திருக்கிறார்கள் என்பனவற்றை உற்று நோக்குவோர்க்கு இவ்வுண்மை விளங்கும்.

சில காலத்துக்கு முன் சாவகச்சேரிப் புகையிரத நிலையத்தில் ஒரு காலைப்பொழுதில் நாம் கண்ட காட்சியே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். மட்டுவில் பக்கமிருந்து ஓர் ஆசிரியர் வந்து இறங்கினார். ஐம்பது வயதைத் தாண்டியவர். அவர் ஏறிவந்தது சிறிய சில்லுகளைக் கொண்ட ஒரு மின் துவிச்சக்கர வண்டி. இறங்கியதும் அதன் நடுவே இருந்த பூட்டை விடுவித்தார், கைபிடியைச் சாய்த்தார், இருக்கையை உள்ளே தள்ளினார். அரை நிமிடத்துள் வண்டி ஒரு பெரிய பயணப்பெட்டியின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் மேடைக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் இறங்கியதும் அதை விரித்துப் பாடசாலை வரை செல்வது அவர் வழக்கமாம்.

வாங்கில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "காலிருக்கேக்கை கரண்ட் எதுக்கு, மாஸ்டர்?" என்றார். ஆசிரியர் நாணத்துடன் சிரித்து, "முழங்கால் விடுகுதில்லை, ஐயா" என்றார். அருகே கடகத்துடனும் இரண்டு பலாப்பழங்களுடனும் நின்ற பெண்மணி ஒருவர், "மாஸ்டருக்கு வண்டி வந்திட்டுது. எங்கடை பக்கம் பஸ் எப்ப வரும்?" என்று கேட்டார். ஆசிரியர் மறுமொழி கூறவில்லை. புகையிரதம் வந்தது, எல்லோரும் ஏறினோம்.

அந்த மேடையில் எழுந்த வினாக்கள் இரண்டு. முதியவரின் வினா உழைப்பின் பெயரால் எழுந்தது. பெண்மணியின் வினா நீதியின் பெயரால் எழுந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் ஒன்றல்ல. முதலாவதை மறுப்பதும் இரண்டாவதை ஏற்பதும் எமது நோக்கம்.

முதலில் அந்த இயந்திரத்தை அறிந்துகொள்வோம். இத்தகைய வண்டிகள் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோகிராம் நிறையுடையவை. அவற்றின் மோட்டார் வழக்கமாக 250 வாற்று வலுவுடையது. ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்கு ஏறத்தாழ 10 வாற்றுமணி மின்சாரம் போதுமானது. வீட்டிலிருந்து நிலையத்துக்கு ஐந்து கிலோமீற்றர் செல்லும் ஒருவர் செலவிடும் மின்சாரம், ஒரு சிறிய மின்குமிழ் சில மணிநேரம் எரிவதற்கு வேண்டிய அளவேயாம். பயணத்தின் நீண்ட பகுதியைப் புகையிரதம் ஏற்றுக்கொள்கிறது. இரு முனைகளிலும் எஞ்சும் குறுகிய தூரத்தை வண்டி ஏற்றுக்கொள்கிறது. சாவகச்சேரிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். தச்சன்தோப்பு, நாவற்குழி, புங்கன்குளம் என்று நிலையங்கள் வரிசையாக உள்ளன. நிலையத்திலிருந்து உள்ளூர் ஒழுங்கைகளுக்குள் இருக்கும் வீட்டை அடைவதே பலருக்கும் பெரும்பாடு.

இனி முதியவரின் வினாவுக்கு வருவோம். கால் இருக்க மின்சாரம் எதற்கு? இவ்வினாவின் பின்னே ஒரு பழைய நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. உடலை வருத்துவது உயர்வு, வருத்தத்தைக் குறைப்பது இழிவு என்பதே அந்நம்பிக்கை. யாழ்ப்பாணத்தில் இந்நம்பிக்கைக்கு ஒரு வரலாற்றுப் பெருமையும் சேர்ந்திருக்கிறது. 1990ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரத சேவை நின்றது, பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் மறைந்தது. குடாநாடு முழுவதும் துவிச்சக்கர வண்டியின் மேல் ஏறி வாழ்ந்தது. விறகும், நெல்லும், நோயாளியும், மணப்பெண்ணும் அதிலேயே சென்றனர். தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குள் போயின. பற்றறிகளும் தடைப்பட்டியலில் இருந்தமையால், துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தால் வானொலிச் செய்தி கேட்டவர்கள் எம்மவர்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு வந்தபோது, பலரது வீடும் குடும்பமும் ஒரு துவிச்சக்கர வண்டியின் கரியரில் அடங்கியிருந்தன. 2000ஆம் ஆண்டில் சாவகச்சேரியே போர்க்களமாகி நகரம் இடிந்து கிடந்தது. அப்போது தென்மராட்சி மக்களும் இடம்பெயர்ந்தார்கள்.

இவை பெருமைக்குரிய நினைவுகள்தாம். ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. அன்று மக்கள் மிதித்தது விரும்பியன்று. வேறு வழியின்றியே மிதித்தார்கள். நிர்ப்பந்தத்தில் பிறந்த திறமையைப் போற்றலாம், நிர்ப்பந்தத்தையே போற்றலாகாது. மேட்டில் ஏறமுடியாமல் கருவுற்ற பெண்ணை இறக்கி நடத்திச் சென்றவருக்கு அது வீரகாவியமன்று, வேதனை. 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசைகள் நீண்டபோது, பழைய துவிச்சக்கர வண்டிகள் மீண்டும் வெளியே வந்தன. சிலர் இதனை உடல்நலத்தின் மறுமலர்ச்சி என்று வருணித்தார்கள். வெயிலில் மிதித்துச் சென்ற கூலித்தொழிலாளி அவ்வாறு வருணித்ததாக நாம் கேள்விப்படவில்லை.

உழைப்பைத் தெய்வமாக்கும் போதனை பெரும்பாலும் உழைக்காதவர் வாயிலிருந்தே வருகிறது. கார்ல் மார்க்ஸின் மருமகனான போல் லபார்க், 1880ஆம் ஆண்டிலேயே 'சோம்பலுக்கான உரிமை' என்ற சிறுநூலில் இப்போதனையை எள்ளி நகையாடினார். உழைக்கும் வர்க்கம் தன் உடலை வதைப்பதையே பெருமையாகக் கொள்ளும்படி பழக்கப்பட்டிருக்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. மறுபுறத்தில், காந்தியடிகள் 1909ஆம் ஆண்டில் எழுதிய 'இந்து சுயராஜ்ய'த்தில் புகையிரதத்தையே தீமை என்று கண்டித்தார். எனினும் அவரே பிற்காலத்தில் மூன்றாம் வகுப்பில் நாடெங்கும் பயணம் செய்து மக்களைச் சந்தித்தார். இயந்திரத்தை எதிர்த்தவருக்கும் மக்களிடம் செல்ல இயந்திரம் தேவைப்பட்டது. இதில் நாம் முரண்பாட்டைக் காட்டிலும் ஒரு பாடத்தையே காண்கிறோம்: இயந்திரம் நம்மை எவரிடம் கொண்டு சேர்க்கிறது என்பதே முதன்மையான வினா.

ஆகவே, முழங்கால் நோவுடைய ஆசிரியர் வெட்கப்பட வேண்டியதில்லை. மனித வருத்தத்தைக் குறைப்பதே விஞ்ஞானத்தின் அறம். முற்போக்கு எண்ணமுடையோர் இதனை ஐயுறலாகாது.

ஆனால், ஒருவர் வருத்தம் குறையும்போது அது உண்மையாகவே குறைகிறதா, அன்றி இன்னொருவர் தோளுக்கு மாற்றப்படுகிறதா என்று கேட்டாக வேண்டும். மின்வண்டி புகை கக்குவதில்லை. ஆதலால் அது தூய்மையானது என்கிறார்கள். புகை நம் கண்ணெதிரே இல்லை என்பது மட்டுமே இதனால் நிறுவப்படும். இந்நாட்டு மின்சாரத்தில் ஒரு பகுதி நுரைச்சோலையில் நிலக்கரியை எரித்துப் பெறப்படுகிறது. நமக்கு மிக அண்மையில், சுன்னாகத்தில், அனல் மின்னுற்பத்தியின் சுற்றுவட்டாரத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்ததனால் மக்கள் போராட நேர்ந்தது. 2019ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு மின்னுற்பத்தி செய்த நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. வண்டிகளில் பொருத்தப்படும் மின்கலங்கள் பலவற்றில் கோபால்ட் என்னும் உலோகம் சேர்கிறது. உலகில் அகழப்படும் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கொங்கோ நாட்டிலிருந்து வருகிறது. அங்குள்ள சுரங்கங்கள் சிலவற்றில் சிறுவர்களும் கைகளால் மண்ணைத் தோண்டுகிறார்கள். ஆசிரியரின் முழங்காலுக்குக் கிடைத்த ஆறுதலில் எங்கோ ஒரு சிறுவனின் முதுகும் வளைந்திருக்கக்கூடும்.

இதனால் வண்டியை விலக்கிவிட வேண்டுமா? அளவையும் நோக்க வேண்டும். ஒரு மோட்டார்க் காருக்கு வேண்டிய மின்கலம் இத்தகைய வண்டிகள் நூற்றுக்கு மேற்பட்டவற்றின் மின்கலங்களுக்குச் சமமாகும். பெற்றோலை எரிக்கும் வாகனமும் குற்றமற்றதன்று. பளையின் காற்றாலைகள் சுழல்வதைப் புகையிரதத்தில் செல்வோர் கண்டிருப்பர். தூய மின்சாரம் கனவன்று. எனவே, தீமை குறைந்த கருவியை ஏற்பதும், அதில் எஞ்சிய தீமையை மறைக்காதிருப்பதும் ஒருங்கே நம் கடமையாகின்றன. தூய்மை என்ற சொல்லை வணிகரின் விளம்பரத்துக்கு விட்டுவிடாது, அதன் முழுப்பொருளையும் நாம் கேட்க வேண்டும்.

இனி அந்தப் பெண்மணியின் வினா. எமது கருத்தில் அதுவே உண்மையான வினா.

பொதுப் போக்குவரத்து என்பது மனிதரை ஏற்றி இறக்கும் ஏற்பாடு மட்டுமன்று. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையிலான பாதை 1902ஆம் ஆண்டு மார்ச்சில் திறக்கப்பட்டது. 1905ஆம் ஆண்டில் அது தெற்குடன் இணைந்தது. குடாநாட்டின் முதற் புகையிரதம் வந்து நின்ற எல்லை சாவகச்சேரியே. இந்தியாவில் புகையிரதமும் அதன் வழி வரும் நவீன தொழிலும் சாதியின் அடித்தளமான பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைத்துவிடும் என்று மார்க்ஸ் 1853ஆம் ஆண்டில் எதிர்பார்த்தார். வரலாறு அவ்வளவு விரைவாக நடக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தனியார் பஸ் வண்டிகள் ஓடத் தொடங்கிய காலத்தில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆசனத்தில் அமர்வது தடுக்கப்பட்டது. பணம் கொடுத்தும் அவர்கள் தரையில் இருக்கவோ நிற்கவோ வேண்டியிருந்தது. சம ஆசனம் என்பது போராடிப் பெற்ற உரிமை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டதும் அவ்வுரிமைக்கு அரண் சேர்த்தன. ஆசனம் எவருடைய சொத்துமன்று, வந்து ஏறும் எவருக்கும் உரியது என்ற எண்ணம் இந்த மண்ணில் இவ்வாறே வேரூன்றியது.

இப்பின்னணியில் நோக்கினால் பெண்மணி கேட்டதன் ஆழம் புலப்படும். நிலையத்திலிருந்து உட்கிராமத்துக்குச் செல்ல நேரத்துக்கு ஒரு பஸ் வண்டி இல்லை என்பது பொதுக்குறை. இக்குறை ஆசிரியரையும் வருத்தியது. சந்தைக்குச் செல்லும் பெண்ணையும் வருத்தியது. இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். இன்று ஆசிரியர் தம் பல மாதச் சம்பளத்தைக் கொடுத்து வரிசையிலிருந்து வெளியேறிவிட்டார். பெண்மணி நிற்கிறார். வரிசையில் ஒருவர் குறைந்தது மட்டுமா நிகழ்ந்தது? மனு எழுதத் தெரிந்தவர், பிரதேச சபைக்குச் சென்று பேசத் தெரிந்தவர், பத்திரிகைக்குக் கடிதம் வரையத் தெரிந்தவர் அங்கிருந்து போய்விட்டார். குரல் உடையவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிய வரிசை ஊமையாகிவிடுகிறது. ஊமையான வரிசைக்கு எந்தப் பஸ் வண்டியும் வருவதில்லை.

ஆசிரியர்களாகிய எமது வாசகர்களுக்கு இந்நிகழ்வு புதிதன்று. பாடசாலையில் குறை ஏற்பட்டபோது, வசதியுள்ள பெற்றோர் அக்குறையைத் திருத்தப் போராடாது தம் பிள்ளைகளைத் தனியார் கல்வி நிலையங்களுக்கு அனுப்பினர். பிள்ளைகள் தேறினார்கள், பாடசாலையின் குறை அப்படியே நின்றது, கட்டணம் செலுத்த முடியாதவன் பிள்ளை அக்குறைக்குள் தனித்து விடப்பட்டான். அப்பெற்றோரைக் குற்றஞ்சாட்டுவது எளிது. ஆயினும் தன் பிள்ளையைப் பலியிட்டுப் பொதுநலம் காக்குமாறு எவரையும் கேட்க இயலாது. அவ்வாறே, நோவுடைய முழங்காலால் நடந்து ஒற்றுமையை நிரூபிக்குமாறு ஆசிரியரைக் கேட்பதும் நியாயமன்று. தவறு வசதியைத் தேடியதில் இல்லை. தனக்குத் தீர்ந்த குறையைத் தீர்ந்துபோன குறை என்று கருதிவிடுவதிலேதான் தவறு தொடங்குகிறது.

இவ்விடத்தில், அந்த வண்டியே நமக்கு ஒரு விடையைச் சொல்கிறது என்று நாம் கருதுகிறோம். மோட்டார்க் கார் புகையிரத நிலையத்துக்கு வருவதில்லை. அது நிலையத்தைக் கடந்து செல்கிறது. அதில் இருப்பவருக்குச் சக பயணி என்று எவரும் இல்லை. மடிக்கும் வண்டி அத்தகையதன்று. அதன் பயன் முழுவதும் பொதுவான புகையிரதத்தைச் சார்ந்திருக்கிறது. தண்டவாளமும், வீதியும், மின்சாரமும் பொதுமக்களின் உழைப்பாலும் வரியாலும் கடனாலும் ஆனவை. 1990ஆம் ஆண்டில் நின்ற புகையிரதம் இந்தியக் கடனுதவியுடன் பாதை புதிதாக இடப்பட்டு, 2014 ஒக்டோபரிலேயே யாழ்ப்பாணத்தை மீண்டும் வந்தடைந்தது. அந்தக் கடன் பலாப்பழம் விற்கும் பெண்ணின் தலையிலும் இருக்கிறது. காவலற்ற கடவைகளில் பல உயிர்கள் பலியாகின. அக்கடவைகளில் சொற்ப நாட்கூலிக்கு நின்று காத்தவர்கள் நிரந்தர நியமனமும் நியாயமான ஊதியமும் கேட்டுப் போராடினார்கள். இவர்களெல்லாம் இன்றி ஆசிரியரின் வண்டி ஓடுவதில்லை. தனியொருவர் தீர்வு என்று நாம் அழைப்பதில் தனியொருவருக்கு மட்டும் உரியது மிகச் சிறிய பகுதியே.

இன்னொன்றும் உண்டு. அவ்வண்டி ஏன் மடிகிறது? உள்ளே வேறு மனிதர் இருப்பதனால் மடிகிறது. வீதியில் விரிந்து ஓடிய உடைமை, பொதுவிடத்தின் வாயிலில் தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. இலண்டன் நகரில் இதனை ஒரு விதியாகவே வைத்துள்ளார்கள். தமிழர் பலர் வாழும் ஹரோப் பகுதியிலுள்ள ரேனர்ஸ் லேன் நிலைய மேடையில், 2025 பெப்ரவரியில் ஒரு மின் துவிச்சக்கர வண்டி தீப்பற்றியது. அதன்பின், மார்ச் 31ஆம் நாள் முதல், மடிக்காத மின் துவிச்சக்கர வண்டிகளை அந்நகரப் போக்குவரத்து நிர்வாகம் தன் புகையிரதங்களில் பெரும்பாலானவற்றிலும் தடைசெய்தது. மடித்தவற்றை மட்டும் அனுமதித்தது. தொழிற்சாலையில் அமைத்தபடியே இருப்பவை மடிக்கும் வண்டிகள் என்பதும், பிற்பாடு மின்கலம் பொருத்தி மாற்றியமைத்த வண்டிகளே பேராபத்து என்பதும் அதற்குக் கூறிய காரணம். ஒருவரின் வசதி எல்லோருடைய பாதுகாப்புக்கும் கீழ்ப்பட்டது என்னும் நியதி இதில் அடங்கியிருக்கிறது. நம் நிலையங்களுக்கும் இவ்வண்டிகள் பெருந்தொகையாக வருமாயின், இத்தகைய ஒழுங்கு இங்கும் வேண்டியதாகும். தரமற்ற மின்கலத்தை மலிவுக்காக வாங்கி நெரிசலான பெட்டிக்குள் கொண்டுவருபவர் தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை.

ஆகவே வசதியை அளக்கும் அறவியல் அளவுகோல் ஒன்று நமக்குக் கிடைக்கிறது. ஒரு வசதி என்னை மக்களிடமிருந்து பிரிக்கிறதா, அவர்களிடம் கொண்டு சேர்க்கிறதா? பொதுவிடத்தில் அது பிறருக்கு இடம் விடுகிறதா? அதனால் மிஞ்சிய நேரத்தையும் தெம்பையும் நான் எதற்குச் செலவிடுகிறேன்? முதலிரு வினாக்களில் மடிக்கும் வண்டி தேறிவிடுகிறது. மூன்றாவது வினாவுக்கு வண்டி விடை சொல்லாது. அதனை ஓட்டுபவரே சொல்ல வேண்டும்.

பொதுமக்கள் குரல் எழுப்பினால் பலன் இராது என்பார் கூற்றை நாம் ஏற்பதில்லை. 2022 ஜூலையில் எரிபொருள் நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, வடபகுதி உத்தியோகத்தர்களின் போக்குவரத்துக்கென 'யாழ் ராணி' என்னும் புகையிரதம் ஓடத் தொடங்கியது. தேவை வெளிப்படையாகவும் ஒருமித்தும் உணர்த்தப்பட்டபோது ஒரு புகையிரதமே புறப்பட முடிந்தது. அவ்வாறாயின், புகையிரதம் வரும் நேரத்தை ஒட்டி உட்கிராமங்களுக்கு ஒரு சிறு பஸ் வண்டி ஏன் புறப்பட இயலாது? கடகமும் மூட்டையும் வைப்பதற்குப் பெட்டியில் ஏன் இடம் ஒதுக்கலாகாது? சாதாரணத் துவிச்சக்கர வண்டியில் வரும் மாணவன் அதனை மழையில் நனையாமல், களவு போகாமல் விட்டுச் செல்ல நிலையத்தில் காவலுடன் கூடிய ஒரு கொட்டகை ஏன் அமையலாகாது? அவனுக்கு அத்தகைய கொட்டகை கிடைத்தால், பெரும் பணம் கொடுத்து மடிக்கும் வண்டி வாங்க வேண்டிய தேவையே பலருக்கு எழாது. இவை விண்ணைத் தொடும் கோரிக்கைகள் அல்ல. எழுதவும் பேசவும் அறிந்த சிலர் தொடர்ந்து கேட்டால் நிறைவேறக்கூடியவை.

அந்த ஆசிரியர் காலையில் அரை மணிநேரத்தை மீட்டுக்கொண்டார். அது அவருடையது, அவர் ஓய்வு கொள்ளட்டும், வாசிக்கட்டும், தம் பிள்ளைகளுடன் இருக்கட்டும். ஆயினும் அந்நேரத்தில் ஒரு சிறு பங்கு, அவர் விட்டுவந்த வரிசைக்குக் கடனாக உள்ளது. அக்கடனை அறிந்தவர் வசதியில் வெட்கப்பட வேண்டியதில்லை. அறியாதவர் எவ்வளவு வருந்தி மிதித்தாலும் அவ்வருத்தம் பிறருக்குப் பயன்படுவதில்லை.

முதியவரின் வினாவுக்கு நாம் விடை கூறிவிட்டோம். பலாப்பழத்துடன் நின்ற பெண்மணியின் வினா இக்கட்டுரையால் தீரக்கூடியதன்று. அவருடைய ஒழுங்கை வாயிலில் பஸ் வண்டி வந்து நிற்கும் நாளிலேயே அதற்கு விடை கிடைக்கும். அதுவரை அவ்வினாவை அவரோடு சேர்ந்து உரத்துக் கேட்பதே, வண்டி கிடைத்தவர்களாகிய நம் அனைவரதும் கடமையாகும்.